காலனிப் பள்ளத்தில் போடாத குழாய்

1

போன வருடம் பிப்ரவரியில் எனக்கு ஒரு புதிய பதவிப் பெயர் கொடுத்தார்கள். ப்ராஜெக்ட் மேனேஜர். இங்கிலாந்தின் வடக்கே, கம்பளி ஆலைகளும் ஓயாத தூறலும் உள்ள ஒரு மாவட்டத்தில் சாலைத் திட்ட அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஊருக்குள் லாரிகள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போக ஆறு மைல் புறவழிச் சாலை போடவேண்டும். வண்டிகளை எண்ணுவது, பாதை வரைவது, நிலம் எடுப்பது, வடிகால், ஒப்பந்தக்காரர், ஊர்க்கூட்டம் என்று பத்து அறைகளில் பத்துப் பேர் செய்துவந்த வேலையை ஒரே ஆள் தலையில் வைத்து அவனுக்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். பெயர் புதிது என்பதால், அந்த ஆளுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி தலைமை எஞ்சினியர் என்னிடமே கேட்டார்.

சனிக்கிழமை மதியம் அதை எழுத உட்கார்ந்தேன். வேலைகளை வரிசைப்படுத்தத் தெரிய வேண்டும். எது முந்தி, எது பிந்தி என்று அட்டவணை போடத் தெரிய வேண்டும். நாள் தவறாமல் முடிக்கத் தெரிய வேண்டும். மூன்று வரி எழுதியிருப்பேன், வாசல் மணி அடித்தது. என் ஆறு வயது மகள் மாலதி பள்ளித் தோழி ஒருத்தியை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். வாசலில் மழையில் நனைந்த சிவப்புக் கோட்டுடன் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி நின்றாள்.

"அப்பா, திஸ் இஸ் எஸ்டர்."

"எஸ்தரா?" என்று கேட்டேன்.

"நோ அப்பா. எஸ்டர். யூ ஆர் சேயிங் இட் ராங்."

மாலதிக்குத் தமிழ் புரியும். பேச வராது, பேச விருப்பமும் இல்லை. நான் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். அன்று அவள் என்னைத் திருத்தியதுகூட எனக்கு உறைக்கவில்லை. அந்தக் குழந்தையின் கோட்டிலிருந்து சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றேன். சமையலறையிலிருந்து என் மனைவி கமலா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, பேயறைஞ்சாப்ல நிக்கிறீங்க? கொழந்தைய உள்ள கூப்டுங்க, நனையுது பாருங்க."

கமலா காஞ்சிபுரத்துக்காரி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் இரண்டு குடும்பங்களும் பட்டு நெய்தவை. கல்யாணம் ஆகி ஏழெட்டு வருடமாகிறது. எஸ்தர் என்ற பெயரை அவளிடம் நான் ஒருமுறையும் சொன்னதில்லை. அந்தப் பெயர் இருக்கிற ஊரிலிருந்து எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் போகத்தான் நான் கப்பலேறினேன் என்பதும் அவளுக்குத் தெரியாது.

2

உத்திரமேரூர் என்றால் படித்தவர்கள் கோயில் சுவரிலுள்ள கல்வெட்டைச் சொல்வார்கள். சாலை வேலைக்கு வந்த கூலியாட்கள் வேறொன்றையும் கல்வெட்டு என்றுதான் சொன்னார்கள். சாலைக்கு அடியில் தண்ணீர் போகக் கட்டும் சிறு பாலம் அது. 'கல்வர்ட்' என்ற ஆங்கிலச் சொல் வாயில் தேய்ந்து அப்படி ஆகியிருந்தது. எனக்கு உத்திரமேரூர் என்றதும் நினைவுக்கு வருவது இந்த இரண்டாவது கல்வெட்டுதான்.

ஐம்பதுகளின் கடைசியில், எஞ்சினியரிங் முடித்த கையோடு அங்கே போய்ச் சேர்ந்தேன். இருபத்து நான்கு வயது. உத்திரமேரூரிலிருந்து நாவல்பூண்டி வரை ஐந்து மைலுக்கு வெறும் வண்டிப்பாட்டைதான் இருந்தது. அதை மூன்றடி உயர்த்தி, கப்பிக்கல் போட்டு, பஸ் போகும் சாலையாக்க வேண்டும். ப்ராஜெக்ட் மேனேஜர் என்ற பெயரை அப்போது யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் செய்தது அதே வேலைதான். எந்தக் கிராமத்து மண்டியிலிருந்து எத்தனை மாட்டுவண்டி போகிறது என்று மரத்தடியில் உட்கார்ந்து எண்ணினேன். பாதை குறித்தேன். கல், மண், ஆள் எல்லாவற்றுக்கும் நாள் குறித்தேன். பெரிய தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை வரைந்து, முடிய முடியச் சிவப்புப் பென்சிலால் நிரப்பினேன். அந்தத் தாளைச் சுவரில் மாட்டிவைத்து, வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டினேன்.

நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலியின் ஒரு முனை என் பக்கம் இருந்தால் மறுமுனை யோவான் கையில் இருக்கும். நாவல்பூண்டிக்கு முன்னாலுள்ள காலனியைச் சேர்ந்தவர். கிறிஸ்தவர், நிலமில்லாதவர், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை "நீ, வா, போ" என்றுதான் சொல்வேன். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். சங்கிலியைத் தரையில் பாம்புபோல ஓடவிட்டு, இழுத்து, "சரியா கீது சார்" என்று அவர் குரல் கொடுத்தால் மறுபடி சரிபார்க்க வேண்டியதில்லை. சர்க்கார் சங்கிலி அவர் வீட்டிலேயே இருக்கும். காலையில் நேராக வேலை இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். தொலைந்தால் அவர்தான் பொறுப்பு என்று ஒரு கையெழுத்தும் வாங்கியிருந்தோம். மிஷன் பள்ளியில் இரண்டு வருடம் படித்தவர். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதுவார்.

அவர் மனைவிதான் எஸ்தர். மண் சுமக்கும் பெண்கள் கூட்டத்தில் இருந்தாள். நல்ல உயரம், கணீரென்ற குரல். ஒரு நாள் உச்சிவெயிலில், கூடையைக் கொட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஐயா, இந்தப் பள்ளத்த மூடிடாதீங்க. ஏரி ரொம்பி கலங்கல் போச்சுன்னா தண்ணி இந்தப் பக்கமாத்தான் ஓடும். மேல ரோடு போட்டுட்டீங்கன்னா எங்க வூட்லதான் வந்து நிக்கும்."

யோவான் பதறிப்போனார். "ஏ, கம்முனு இரு. சாருக்குத் தெரியாதா இன்னா? எல்லாம் படத்துல போட்டு வெச்சிக்கினுதான் கீறாரு."

அது உண்மைதான். ஏரிக்கும் சாலைக்கும் நடுவிலிருந்த தாழ்ந்த இடத்தில்தான் காலனி. படத்தில் அந்தப் பள்ளத்தில் இரண்டு வரிசை சிமெண்ட் குழாய் என்று நானே குறித்திருந்தேன்.

"தெரியும்மா. இங்க குழாய் வருது" என்றேன்.

"எப்ப வரும்?"

"வரும்."

அவள் சிரித்தாள். "அப்ப வந்தப்பறம் மூடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

3

குழாய்கள் பாதிதான் வந்தன. இரண்டு இடத்துக்கு வேண்டும், வந்தது ஒரு இடத்துக்குத்தான் போதும். ஒன்று காலனிப் பள்ளம். இன்னொன்று அரை மைல் தள்ளி நாவல்பூண்டிப் பெரிய நிலக்காரர் ஒருவரின் நஞ்சையை ஒட்டிய பள்ளம். அவர் ஏற்கெனவே மூன்று மனு எழுதியிருந்தார், மூன்றுக்கும் நகல் மேலே போயிருந்தது. காலனியிலிருந்து மனு எதுவும் வரவில்லை. ஒரு பெண் வாயால் சொன்னாள், அவ்வளவுதான். சாலையைத் திறந்துவைக்க ஆவணிக் கடைசியில் நாள் குறித்தாயிற்று. பெரிய மனிதர் ஒருவர் வருகிறார். ஒரு பள்ளத்தைத் திறந்தே வைத்திருந்தால் கார் போகாது.

என்னை யாரும் வற்புறுத்தவில்லை. மேலதிகாரி காஞ்சிபுரத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, "நீதான் அட்டவணை போட்டவன், நீயே சொல்லு" என்றார். நான் ரப்பரை எடுத்து, 'காலனிப் பள்ளம், குழாய்' என்ற பட்டையை அழித்து, திறப்பு விழாவுக்குப் பின்னால் புரட்டாசிக் கட்டத்தில் வரைந்தேன். அதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. வேலையை வரிசை மாற்றிப் போடத் தெரிந்தவன் என்று அன்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

பள்ளத்தை மூடிய அன்று எஸ்தரும் மண் சுமந்தாள். கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். 

விழா நன்றாக நடந்தது. புரட்டாசியில் மீதிக் குழாய்களும் வந்து இறங்கின. திறந்து ஒரு மாதம் ஆகாத சாலையை வெட்டினால் ஊர் சிரிக்குமே என்று மேலதிகாரி தயங்கினார். "தை மாசம் பாத்துக்கலாம்யா" என்றார். நான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருக்கலாம். மறுபடி ரப்பரை எடுத்தேன்.

4

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் எஸ்தரும் இன்னும் நான்கு பெண்களும் நான்கு மைல் நனைந்து நடந்து உத்திரமேரூரில் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். கோணியைத் தலையில் மடித்துப் போட்டிருந்தார்கள்.

"மொழங்கால் தண்ணி நிக்குது ஐயா. ரோட்ட ஒரு எடத்துல வெட்டி வுட்டா வடிஞ்சிடும். ஆம்பளைங்க மம்ட்டிய வெச்சிக்கினு நிக்கிறாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்" என்றாள் எஸ்தர்.

"அப்படி என்னால சொல்ல முடியாதும்மா. காஞ்சிபுரத்துலேர்ந்து உத்தரவு வரணும்."

"எப்ப வரும்?"

"போன் பண்றேன். அதுவரைக்கும் யாரும் ரோட்டைத் தொடக்கூடாது. தொட்டா போலீஸ் கேசாயிடும்."

மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. சட்டத்தைத்தான் சொன்னேன். ஆனால் அது மிரட்டலாகத்தான் போய்ச் சேர்ந்தது. அவர்கள் திரும்பி நடந்தார்கள். தபாலாபீசில் போய் உட்கார்ந்தேன். காஞ்சிபுரத்துக்கு லைன் கிடைக்கவில்லை. எங்கோ கம்பம் சாய்ந்திருந்தது. தந்தியும் போகாது என்றார்கள். காலை போய் மதியம் வந்தது. அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, லைன் வருமா வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உத்தரவுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்பது மனதுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை இன்று எழுதவே கூசுகிறது.

மூன்று மணிக்குமேல் தாங்காமல் சைக்கிளை எடுத்தேன். போய்ச் சேர்ந்தபோது காலனி ஜனங்கள் மேட்டிலிருந்த சின்ன ஜெபக்கூடத்தில் அடைந்திருந்தார்கள். சாலையின் ஒரு பக்கம் இடுப்பளவு செந்தண்ணீர். மறுபக்கம் தண்ணீர் தேங்காமல் வரப்புகள் தெரியும் வயல். நடுவில் நான் போட்ட சாலை.

ஆண்கள் ஒரு வீட்டின் இடிந்த மண்சுவரைக் கையால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டி போட்டால் உள்ளே இருப்பவள் மேல் படும் என்று கையாலேயே தோண்டினார்கள்.

பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி சொன்னாள்: "கோயில்லதான் இருந்தா ஐயா. செயின் உள்ள கீதே, சர்க்கார் சாமானாச்சே, போச்சுன்னா அவுரத்தான் கேப்பாங்கன்னு சொல்லிக்கினே எறங்கிப் போனா. நாங்க வேணாம்னோம்."

எஸ்தரை வெளியே எடுத்தபோது சங்கிலி அவள் முழங்கையில் சுற்றியிருந்தது.

அதன்பிறகு யாரும் என்னிடம் உத்தரவு கேட்கவில்லை. ஆறேழு பேர் சாலைமேல் ஏறி வெட்டினார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். வெட்டிய வாயில் தண்ணீர் உறுமிக்கொண்டு பாய்ந்தது. ஒரு மணி நேரத்தில் காலனி வடிந்துவிட்டது.

5

விசாரணை பயணியர் மாளிகையில் நடந்தது. முந்தின நாளே மேலதிகாரி என்னைத் தனியாக அழைத்து, "எதிர்பாராத மழை. முன்கூட்டி யாரும் புகார் சொல்லவில்லை. இந்த ரெண்டு வரி போதும். நீ சின்னப் பையன், இதுல மாட்டிக்காதே" என்றார். அவர் என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

யோவானைக் கூப்பிட்டார்கள். அந்தப் பள்ளத்தைப் பற்றி யாராவது முன்னால் சொன்னதுண்டா என்று கேட்டார் விசாரிக்க வந்தவர்.

"எம் பொண்டாட்டி சொன்னா சார். சாருக்கு எதிர்லதான் சொன்னா." யோவான் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார். சொன்னாளா, இல்லியா?"

கோபமே இல்லாத குரல். சங்கிலியை இழுத்துப் பிடித்து அளவு சரியா என்று கேட்கும்போது அவர் பேசுகிற அதே குரல்.

"அப்படி யாரும் சொன்னதா எனக்கு நினைவில்லை" என்றேன்.

யோவான் என்னிடமிருந்து பார்வையை எடுத்து, விசாரிக்க வந்தவர் பக்கம் திரும்பினார். பிறகு, "சரி சார்" என்றார். காகிதத்தை நீட்டினார்கள். 'முன்கூட்டிப் புகார் இல்லை' என்பதன் கீழே தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. படத்தில் தவறில்லை, மழைதான் அதிகம் என்று எழுதிவிட்டோம். அதன்பின் அங்கே குழாய் போட்டால், முதலிலேயே போட்டிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே வெட்டிய இடத்தை மண்ணைப் போட்டே மூடச் சொல்லி உத்தரவு வந்தது. வந்து இறங்கியிருந்த குழாய்களை வேறு சாலைக்கு ஏற்றி அனுப்பினோம். மூடும் வேலையை நான்தான் அளந்து கொடுக்க வேண்டும். அன்று காலையில் யோவான் வழக்கம்போலச் சங்கிலியோடு வந்து நின்றார். மறுமுனையை எடுத்துக்கொண்டு பள்ளத்தின் அந்தப் பக்கம் நடந்தார்.

"சரியா கீது சார்" என்றார்.

நான் அளவைக் குறித்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து, இங்கே எஞ்சினியர்கள் வேண்டுமென்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். சொன்ன நாளில் சாலையை முடித்துக் கொடுத்தவன் என்று மேலதிகாரி எனக்கு நல்ல சான்றிதழ் எழுதித் தந்தார்.

இந்த ஊரில் மழை பெய்யாத வாரமில்லை. ஜன்னலில் தூறல் விழும் சத்தம் கேட்கும் போதெல்லாம் "எப்ப வரும்?" என்று யாரோ கேட்பதுபோல இருக்கும். முதல் வருடம் அது பழக்கமில்லாத குளிரால் என்று நினைத்தேன். பிறகு வேலைப் பளுவால் என்று நினைத்தேன். கூட்டத்தில் யாராவது பெண் கையைத் தூக்கினால் நான் குனிந்து காகிதங்களைப் புரட்டுவேன். வேறு எங்கும் இது என்னைத் தொடவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், பதவி உயர்வு வாங்கினேன். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

6

போன வருடம் ஏப்ரலில், புறவழிச் சாலைக்கான ஊர்க்கூட்டத்தை நான் நடத்தினேன். பாதை ஒரு கிராமத்தின் ஓரமாக, பன்னிரண்டு தொழிலாளர் வீடுகளுக்குப் பின்னால் போகிறது. கடைசி வரிசையிலிருந்து மழைத்தொப்பி போட்ட ஒரு அம்மாள் கையைத் தூக்கினார். மிஸஸ் வாட்கின்ஸ் என்று பெயர் சொன்னார். இந்தப் பக்கத்து ஆங்கிலம் எனக்கு இன்றைக்கும் பாதிதான் புரியும். வீட்டுக்குப் 'பேக்' வரும், 'பேக்' வரும் என்று அவர் சொல்வதாக என் காதில் விழுந்தது. பின்பக்கத்தைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். குறிப்பெடுக்கும் பெண் எதுவும் எழுதாமல் சிரித்தாள். கூட்டத் தலைவராக உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாள் உட்கார்ந்துவிட்டார்.

அவர் உட்கார்ந்த விதம் எனக்குத் தெரிந்த ஒன்றாக இருந்தது. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி உங்கள் பாடு என்பதுபோல.

கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது ஓடிப்போய் வாசலில் அவரை நிறுத்தினேன். "மன்னிக்க வேண்டும், நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லுங்கள்" என்றேன். 'பெக்' என்று நிறுத்திச் சொன்னார். இந்தப் பக்கத்தில் சின்ன ஓடைக்கு அதுதான் பெயராம். ஐந்து வருடமாக இருக்கிறேன், எனக்குத் தெரியாது. படத்தில் காட்டச் சொன்னேன். படம் பார்க்கத் தெரியாது என்றார். மறுநாள் காலையில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முட்புதரை விலக்கி, எங்கள் நில அளவையில் வராத ஒரு ஓடையைக் காட்டினார். கோடையில் வறண்டு, பனி உருகும்போது பொங்குமாம். நாங்கள் அளந்தது ஆகஸ்டில்.

அவர் சொன்னதை வாக்கியம் வாக்கியமாக எழுதி, படித்துக் காட்டி, அவரிடமே கையெழுத்து வாங்கிக் கோப்பில் சேர்த்தேன். பாதையை நிறுத்திவைத்து மறுபடி அளக்கச் சொன்னேன். இரண்டு சிறு பாலம் கூடுதலாக வந்தது. வேலை ஒரு பருவம் தள்ளிப்போனது.

தலைமை எஞ்சினியருக்குக் கடுமையான கோபம். "அட்டவணையைக் காப்பாற்றத்தான் உங்களுக்கு அந்தப் பதவி" என்றார்.

"ஒருமுறை காப்பாற்றியிருக்கிறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. 

எனக்கு மேலே ஒரு மூத்தவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பதவிப் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். நான் எழுதிக்கொடுத்த ஒரு பக்கத்தையும் ஏற்றுக்கொண்டார்கள், கடைசி வரியைத் தவிர. வேலையின் வரிசையை மாற்றுகிறவன், அந்த மாற்றம் யார் வீட்டில் போய் நிற்கும் என்பதை முதலில் தன் காலால் நடந்துபோய்ப் பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தேன். அது வேலைக்கான தகுதி ஆகாது என்று அடித்துவிட்டார்கள்.

7

அந்த வாரமே கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "அன்னிக்கு அந்தக் கொழந்த வாசல்ல நின்னப்ப, இதானா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜெபக்கூடத்து முகவரிக்கு யோவானுக்குக் கடிதம் எழுதினேன். முதல் தடவையாக அவரை 'நீங்கள்' என்று எழுதினேன். எஸ்தர் என்னிடம் சொன்னார், நான் கேட்டேன், நினைவில்லை என்று விசாரணையில் பொய் சொன்னேன் என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்டும் இரண்டு வரி எழுதிவிட்டு, அதை எதிர்பார்ப்பது சரியில்லையென்று அடித்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. யோவான் சொன்னதை ஜெபக்கூடத்துப் பள்ளி ஆசிரியர் சொன்னபடியே எழுதியிருந்தார். கீழே, அழுத்தி எழுதிய யோவானின் கையெழுத்து.

"சாருக்கு ஸ்தோத்திரம். லெட்டர வாத்தியாரு ரெண்டு தபா படிச்சாரு. அவ சொன்னது எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும். எனக்கு எழுதி இன்னா ஆவப்போது சார்? மழை வந்தா இப்பவும் நாங்க கோயிலுக்குத்தான் ஓடுறோம். இந்த வருசம் ரோட்ட அகலம் பண்ணி இன்னும் ரெண்டு அடி ஒசத்தப் போறாங்க. குழா கேட்டு மனு குடுத்தோம். பழைய பைல்ல புகார் இல்லன்னு கீது, நீயே கையெழுத்துப் போட்டுக்கிறன்னு சொல்றாங்க. சார் ஆபீசுக்கு எழுதுங்க. இங்கிலீசுல எழுதுங்க."

படித்து முடித்தபோது மாலதி பக்கத்தில் வந்து நின்றாள். கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. "இஸ் இட் ஃப்ரம் யுவர் ஃப்ரெண்ட்?" என்று கேட்டாள். யோவான் என்ற கையெழுத்தை அவளுக்கு எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினேன்.

காஞ்சிபுரம் அலுவலகத்துக்கு எழுதுவது வேறு விஷயம். விசாரணையில் பொய் சொன்னேன் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. காஞ்சிபுரத்திலிருந்து என் அண்ணன், "உனக்குப் பைத்தியமா? செத்துப்போனவ திரும்பி வரப்போறாளா?" என்று எழுதினார். கமலாவும் பயந்தாள். "ஏங்க, ஊருக்குப் போனா புடிச்சி உள்ள வெச்சிடுவாங்களா? எங்கம்மாவப் பாக்கவே முடியாதா அப்ப?"

"தெரியல கமலா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அப்புறம், "எழுதுங்க. அந்த மனுசன் எத்தினி தபா கேப்பாரு?" என்றாள்.

நான்கு பக்கம் எழுதினேன். அழித்த பட்டை, திரும்பிப்போன குழாய், எஸ்தர் நின்று பேசிய இடம், அவர் சொன்ன வார்த்தைகள், நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் எழுதிப் பதிவுத் தபாலில் போன அக்டோபரில் அனுப்பினேன். நகல் ஒன்றை யோவானுக்கு அனுப்பினேன். ஜனவரியில் மறுபடி எழுதினேன். ஜூனில் மூன்றாம் முறை. ஒன்றுக்கும் பதில் இல்லை. கல் வந்து கொட்டியிருக்கிறார்கள், வேலை எந்நேரமும் ஆரம்பிக்கும் என்று ஆடியில் ஆசிரியர் எழுதினார். அதன்பிறகு அவரிடமிருந்தும் கடிதமில்லை.

இப்போது புரட்டாசி. அடுத்த மாதம் அங்கே மழை.

ஆகவேதான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்னால் எழுத முடிந்தது இதுதான். உத்திரமேரூர்ப் பக்கம் போகிறவர்கள் நாவல்பூண்டி பஸ்ஸில் ஏறி, நாலாவது மைல்கல்லைத் தாண்டி, மேட்டில் வெள்ளையடித்த சிறிய ஜெபக்கூடம் தெரியும் இடத்தில் இறங்குங்கள். சாலையின் இரண்டு பக்கச் சரிவிலும் இறங்கிக் குனிந்து பாருங்கள். குழாயின் வாய் தெரிந்தால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

தெரியாவிட்டாலும் போடுங்கள்.